சின்ன பிளாஸ்டிக் பாகங்களை மைக்ரான் கணக்கில் கடைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும்) லேத், விஎம்சி என்கிற மில்லிங் மெஷின் ஒன்று, அப்பா காலத்துக் கை லேத் ஒன்று. பம்புக்கும் டெக்ஸ்டைல் மெஷினுக்கும் இரும்பு, பித்தளை ஜாப் செய்துவந்த இடம். கடந்த பத்து வருடத்தில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் குழல்), வால்வு சீட், சின்ன கியர், இன்சுலேட்டர் என்று பெரும்பாலும் 3 மி.மீ.யிலிருந்து 40 மி.மீ.க்குள் அடங்குகிற பாகங்கள். டிராயிங் போடும் இன்ஜினியர்களும், புதிதாக லேத் பிடிக்கிற பையன்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிளாஸ்டிக்கில் எவ்வளவு டாலரன்ஸ் பிடிக்க முடியும்?

டாலரன்ஸ் என்றால் கேட்ட அளவிலிருந்து எவ்வளவு கூடவோ குறையவோ விடலாம் என்பது. மெட்டீரியலைச் சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. டெல்ரின் என்கிற பிளாஸ்டிக்கில் 20 மி.மீ. விட்டமுள்ள பாகம் என்று வைத்துக்கொள்வோம். ±0.05 மி.மீ. என்றால் கவலையே இல்லை. ±0.025 என்றால் கவனமாகச் செய்ய வேண்டும், ஆனால் நாள் முழுக்கச் செய்யலாம். ±0.01 கேட்டால் செய்ய முடியும். ஆனால் எந்த வெப்பத்தில், எதை வைத்து, செய்து எத்தனை மணி நேரம் கழித்து அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் பேசிக்கொள்ள வேண்டும். பீக் என்கிற பிளாஸ்டிக் இதைவிடச் சொன்னபடி கேட்கும். நைலானுக்கு இந்த அளவுகளை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். டெஃப்லானில் ±0.05க்குக் கீழே யாராவது கேட்டால், அந்த அளவு எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நிறைய டிராயிங்கில் எச்7 என்று, துளைக்கான டாலரன்ஸ் குறியைப் போட்டு வருகிறது. ஐஎஸ்ஓ 286 அட்டவணைப்படி 18இலிருந்து 30 மி.மீ. வரையான அளவுக்கு 7ஆம் கிரேடு என்பது மொத்தம் 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரும்பில் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் டூல்) போட்டு எடுத்துவிடுகிற வேலை அது. பிளாஸ்டிக்கில் 9ஆம் கிரேடு, அதாவது 52 மைக்ரான் கொடுத்தால் பெரும்பாலான ஜாப் நன்றாகவே வேலை செய்யும். இரும்பு டிராயிங்கில் மெட்டீரியல் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவதால்தான் இந்த எச்7 வந்து உட்காருகிறது.

அதே மெஷின், அதே ஆள். இரும்பில் 10 மைக்ரான் வருகிறது, பிளாஸ்டிக்கில் ஏன் வரவில்லை?

மெஷின் பத்து மைக்ரானுக்குத்தான் வெட்டுகிறது. வெட்டியபின் பாகம் அந்த அளவில் நிற்பதில்லை.

முதல் காரணம் சூடு. ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர் இரும்பு ஏறத்தாழ 11 முதல் 12 மைக்ரான் நீளும். அலுமினியம் 23. டெல்ரின் 110 பக்கம். நைலான் 80, 90. பீக் 50க்குக் கொஞ்சம் கீழே. இதை நம் ஊர் வெயிலில் வைத்துப் பாருங்கள். பட்டறையில் 35 டிகிரி, அளக்கும் அறையில் 20 டிகிரி. 20 மி.மீ. இரும்பு உருளை அங்கே போனதும் மூன்றரை மைக்ரான் சுருங்கும், யாருக்கும் தெரியாது. அதே அளவு டெல்ரின் 33 மைக்ரான் சுருங்கும். உங்கள் டாலரன்ஸ் முழுவதையும் அறைக் கதவே தின்றுவிடும்.

அதோடு பிளாஸ்டிக்குக்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது. இரும்பு கடத்துவதில் நூறில் ஒரு பங்குகூட இது கடத்தாது. இரும்பு வெட்டும்போது சூடு, வெட்டுப்பட்டு வரும் சுருளோடும் ஜாபுக்குள்ளும் பரவிவிடும். பிளாஸ்டிக்கில் டூல் தொட்ட இடத்திலேயே தங்கிவிடும். அந்த இடம் உப்பியிருக்கும்போது நீங்கள் வெட்டுகிறீர்கள். ஆறியபின் அளவு குறைகிறது.

இரண்டாவது, மென்மை. இரும்போடு ஒப்பிட்டால் டெல்ரின் அறுபது எழுபது மடங்கு எளிதாக வளையும். டூல் அழுத்தினால் ஒதுங்கும், டூல் போனதும் திரும்பி வரும். லேத்தில் ஜாபைப் பிடிக்கும் சக்கில் இறுக்கினால் நசுங்கும், விட்டதும் விரியும்.

இன்னும் இரண்டு உண்டு, ராடுக்குள் அடைபட்ட இறுக்கமும் காற்றின் ஈரமும். அவற்றுக்குத் தனித்தனியாகக் கேள்வி கீழே வருகிறது.

பாகம் சின்னது என்பதில் ஒரு நன்மை இருக்கிறது. வெப்பத்தால் வரும் மாற்றம் அளவைப் பொறுத்தது. மேலே சொன்ன அதே 15 டிகிரி வித்தியாசத்தில் 5 மி.மீ. டெல்ரின் பின் 8 மைக்ரான்தான் மாறும். ஆனால் 5 மி.மீ. பின் டூலுக்கு முன்னால் சுலபமாக ஒதுங்கிவிடும். ஒரு பக்கம் கிடைத்தது மறுபக்கம் போகிறது.

எந்த வெப்பத்தில் அளக்க வேண்டும்?

ஐஎஸ்ஓ 1 என்கிற தரம் எல்லா நீள அளவுக்கும் 20 டிகிரி என்று சொல்கிறது. பிளாஸ்டிக்குக்கென்றே ஐஎஸ்ஓ 291 இருக்கிறது. அது 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்கிறது. வெப்பமண்டல நாடுகளுக்கு 27 டிகிரி, 65 சதவீதம் என்றும் ஓர் இடம் விட்டிருக்கிறது. நம் ஊருக்கு இந்த 27 பொருத்தமானது என்பது என் கருத்து. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் டிராயிங்கில் எழுதுங்கள். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். 22 மி.மீ. வெளி விட்டம், ±0.02, டெல்ரின் ரிங் முந்நூறு பீஸ். பட்டறைக்குள் 37 டிகிரி இருக்கும். ஒவ்வொரு பீஸையும் மெஷின் பக்கத்திலேயே அளந்து, நடு அளவில் நிறுத்தி, அழகாக அடுக்கி அனுப்பினேன். அங்கே இன்ஸ்பெக்‌ஷன் அறையில் ஏசி 22 டிகிரி. முந்நூறும் 35 மைக்ரான் அளவில் சின்னதாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. என் மைக்ரோமீட்டரும் சரி, அவர்கள் மைக்ரோமீட்டரும் சரி. 15 டிகிரியை 22 மி.மீ.க்குக் கணக்குப் போட்டால் 36 மைக்ரான் வருகிறது. டிராயிங்கில் வெப்பம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நஷ்டம் என்னோடது.

அதன்பின் அளக்கும் மேசையைத் தடுத்துச் சின்ன ஏசி அறை போட்டேன். செட்டிங் பீஸை அங்கே மூன்று நான்கு மணி நேரம் வைத்து அளந்து, அந்த வித்தியாசத்தை மெஷின் ஆஃப்செட்டில் (டூலின் இடத்தைத் திருத்தும் எண்ணில்) கொடுத்துவிட்டுத்தான் லாட்டை ஓட்டுகிறோம். ஒரு மணி நேரம் போதாதா என்பார்கள். மெல்லிய ரிங்குக்குப் போதும். 40 மி.மீ. கனமான பீஸ் உள்ளே ஆறுவதற்கு நேரம் எடுக்கும்.

டெல்ரின், நைலான், பீக், டெஃப்லான். எதைத் தேர்ந்தெடுப்பது?

அளவுதான் முக்கியம், வேலை செய்யும் இடத்தில் பெரிய சூடோ ஆசிடோ இல்லை என்றால் டெல்ரின். சுருள் பிரச்சினை குறைவு, ஃபினிஷ் நன்றாக வரும், தண்ணீர் அதிகம் குடிக்காது, விலையும் தாங்கும். டெல்ரின் என்பது டூபான்ட் கம்பெனி 1960இல் சந்தைக்குக் கொண்டுவந்த பொருளின் பெயர். நம் கடைகளில் அசிட்டால் என்கிற அந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக் எதுவானாலும் டெல்ரின் என்றே விற்கிறார்கள். ஹோமோபாலிமரா (ஒரே வகை மூலக்கூறு அலகால் ஆனது) கோபாலிமரா (வேறு வகை அலகும் கலந்தது) என்று கேட்டு வாங்குங்கள். ஹோமோபாலிமர் கொஞ்சம் உறுதி கூடியது, ஆனால் கனமான ராடின் நடுவில் நுண்ணிய ஓட்டைகள் இருக்கும். ராடின் முனை முகத்தைக் கடைந்து (ஃபேசிங் செய்து) பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புஷ் என்றால் அந்த நடுப்பகுதி துளையில் போய்விடும், கவலை இல்லை. கசிவை அடைக்க வேண்டிய முகம் நடுவில்தான் இருக்கிறது என்றால் கோபாலிமருக்குப் போங்கள்.

பீக் அற்புதமான மெட்டீரியல். 250 டிகிரி வரை தாங்கும், ஆவியில் போட்டுக் கிருமி நீக்கினாலும் மாறாது, அளவும் நிற்கும். ஆனால் டெல்ரினைப் போலப் பல மடங்கு விலை. ஒரு பீஸ் வீணானால் மனசு வலிக்கும். கண்ணாடி இழை கலந்த வகை இன்னும் குறைவாகவே நீளும், ஆனால் டூல் முனையைத் தின்றுவிடும்.

டெஃப்லான் கடைவது வெண்ணெய் வெட்டுகிற மாதிரி. அதை அளவில் நிறுத்துவதுதான் பாடு. அதற்கு 19 டிகிரி அருகே ஒரு மாற்றம் இருக்கிறது. உள்ளே இருக்கும் படிக அமைப்பு மாறி, கன அளவு ஒரு சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. அளக்கும் அறையை ஊரெல்லாம் 20 டிகிரியில் வைக்கிறார்கள், இந்த மாற்றம் அதற்குப் பக்கத்திலேயே நடக்கிறது. ஏசி இரண்டு டிகிரி ஆடினால் போதும், அளவு எங்கோ போய்விடும். டெஃப்லானை 23 டிகிரிக்கு மேலே ஒரு நிலையான வெப்பத்தில் அளப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அப்புறம், அது அழுத்தத்தில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். இறுக்கிய சீட் அடுத்த மாதம் அதே தடிமனில் இருக்காது.

அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் அளவில் நன்றாக நிற்கும். விரிசல் விடும் என்பதுதான் அவற்றின் குணம். கூலன்ட் கேள்வியில் சொல்கிறேன்.

நைலான் பாகம் அனுப்பும்போது சரியாக இருந்தது, ஒரு மாதத்தில் ஷாஃப்டைப் பிடித்துவிட்டது. ஏன்?

தண்ணீர் குடித்திருக்கிறது. நைலான் 6 சாதாரணக் காற்றில், 50 சதவீத ஈரப்பதத்தில் இருந்தாலே இரண்டரை முதல் மூன்று சதவீதம் எடைக்கு ஈரத்தை எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள்ளேயே போட்டால் 9 சதவீதம் வரை போகும். ஒரு சதவீதம் ஈரம் ஏறினால் நீளம் 0.2, 0.3 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் காய்ந்த நைலானில் செய்த 20 மி.மீ. பாகம் வெறும் காற்றிலேயே 0.1 மி.மீ.க்கும் மேல் வளர்ந்துவிடும். டெல்ரின் இதே காற்றில் எடுப்பது 0.2 சதவீத ஈரம்தான்.

கோவையின் காய்ந்த காற்றில் செய்து சென்னைக் கடற்கரைக் காற்றுக்கு அனுப்பினாலே வித்தியாசம் தெரியும். கனமான பாகத்துக்குள் ஈரம் முழுக்கப் புக மாதக்கணக்கு ஆகும் என்பதால் குறை உடனே வெளியே வராது. பாகம் பொருத்தி, மெஷின் ஓடி, எல்லோரும் மறந்தபிறகு வரும்.

ராடை வாங்கிப் பிளாஸ்டிக் கவரிலேயே வைத்துக் கடைவது, கடைந்ததும் சீல் செய்து அனுப்புவது ஒரு வழி. ஆனால் அது பிரச்சினையை அடுத்தவர் பட்டறைக்குத் தள்ளுகிறது. வேலை செய்யப்போகும் இடத்தின் ஈரத்துக்கு ராடைப் பழக்கிவிட்டுக் கடைவதுதான் சரி. அதுவும் முடியாவிட்டால், ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே அந்த வளர்ச்சிக்கு இடம் விட்டு டிராயிங் போட வேண்டும். தண்ணீருக்குள் வேலை செய்யும் பம்ப் பாகத்துக்கு நைலானும் நெருக்கமான டாலரன்ஸும் சேர்த்துக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன்.

ராத்திரி அளவு சரியாக இருக்கிறது, காலையில் மாறியிருக்கிறது. வெப்பமும் அதேதான்.

ராடு அச்சிலிருந்து வெளியே வரும்போது வெளித்தோல் முதலில் ஆறும், நடுப்பகுதி மெதுவாக ஆறும். நடு சுருங்க முயலும், ஏற்கனவே இறுகிய வெளித்தோல் விடாது. அந்த இழுபறி ராடுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. நீங்கள் வெளித்தோலைக் கடைந்து எடுத்ததும் அது அவிழ்கிறது, பாகம் கோணுகிறது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வெட்டிய தட்டு வாழையிலை காய்வது போல வளைவதும் இதனால்தான்.

முதல் மருந்து பொறுமை. ரஃப் கட்டில் பக்கத்துக்கு அரை மில்லி விட்டு வெட்டி, ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு, மறுநாள் ஃபினிஷ் கட் எடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வெட்டுங்கள். பாதி ஜாபுக்கு இதுவே போதும்.

அதற்கும் கேட்காத பாகத்துக்கு அனீலிங். டெல்ரினை 150 டிகிரி பக்கம் மெதுவாக ஏற்றி, உள்ளே வரை சூடு பிடிக்கும் அளவுக்கு வைத்து, மணிக்கு 10 டிகிரி போல இறக்க வேண்டும். அக்ரிலிக்குக்கு 80 டிகிரி. ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரமாக அடுப்பைத் திறந்தால் பழைய இறுக்கத்தை எடுத்துவிட்டுப் புது இறுக்கத்தை ஏற்றியதாகிவிடும். ரஃப் கட்டுக்கும் ஃபினிஷ் கட்டுக்கும் நடுவில் செய்யுங்கள். முடிந்த பாகத்தை அடுப்பில் வைத்தால் அளவு போய்விடும்.

என்ன டூல் பயன்படுத்துவது?

கூர்மையானது. கோட்டிங் இல்லாத, முனை பளபளவென்று தீட்டிய, அலுமினியத்துக்கென்று விற்கும் கார்பைடு இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டு முனை) வாங்குங்கள். சிசிஜிடி வகையில் கிடைக்கும். கோட்டிங் போட்ட இன்சர்ட்டின் முனை பூதக்கண்ணாடியில் பார்த்தால் உருண்டையாக இருக்கும். இரும்புக்கு அது பலம். பிளாஸ்டிக்கில் அது வெட்டாமல் தள்ளும். கையால் தீட்டிய எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலை ஆயில் ஸ்டோனில் தேய்த்து எடுத்தால் அது இன்றைக்கும் எனக்குப் பிடித்த டூல், முக்கியமாக டெஃப்லானுக்கு.

இரும்பு வெட்டிய இன்சர்ட்டைப் பிளாஸ்டிக்குக்குத் திருப்பிப் போடாதீர்கள். பிளாஸ்டிக்குக்கென்று தனி டப்பா வையுங்கள். கண்ணாடி இழை கலந்த மெட்டீரியலில் லாட் பெரிது என்றால் வைர முனை டூல் தனக்குப் போட்ட செலவைத் திருப்பி எடுத்துக் கொடுத்துவிடும். டூல் உயரம் சென்டரில் துல்லியமாக இருக்கட்டும். 4 மி.மீ. பின்னில் கால் மில்லி மேலே இருந்தால் டூல் உரசும். கீழே இருந்தால் ஜாப் டூல் மேல் ஏறப் பார்க்கும்.

ஸ்பீடு, ஃபீட் எவ்வளவு?

டெல்ரினுக்கு நிமிடத்துக்கு 150 முதல் 300 மீட்டர் வரை தாராளமாகப் போகலாம். சின்ன விட்டத்தில் மெஷினே அங்கே போய்ச் சேராது, 5 மி.மீ. பின்னை 4000 ஆர்பிஎம்மில் சுற்றினாலும் 63 மீட்டர்தான் வருகிறது. ஆகவே ஸ்பீடைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தைப் பாருங்கள்.

இரும்பு பழகியவர்கள் செய்யும் தவறு இங்கேதான். அளவு நெருங்க நெருங்க 0.02, 0.03 என்று மெல்லிசாகத் தடவிப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் அந்த மெல்லிய கட்டில் ஒதுங்கிக்கொள்ளும். டூல் உரசும், சூடு ஏறும், ஜாப் உப்பும், அப்புறம் திடீரென்று வெட்டும். அளவு நம் கையில் இருக்காது. ஃபினிஷ் கட்டுக்குப் பக்கத்துக்கு 0.2 மில்லியாவது விட்டு, சுற்றுக்கு 0.05 முதல் 0.1 வரை ஃபீடு கொடுத்து, நிற்காமல் ஒரே ஓட்டத்தில் வெட்டி வெளியே வாருங்கள். ரஃப் கட்டும் ஃபினிஷ் கட்டும் எல்லா பீஸிலும் அதே ஆழத்தில் இருந்தால் ஒதுங்கும் அளவும் ஒரே மாதிரி இருக்கும், ஆஃப்செட்டில் சரிசெய்துவிடலாம்.

நைலானும் டெஃப்லானும் நீளமான சுருளாக வந்து ஜாபைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிய சுருள் சூட்டைப் பிடித்து வைக்கும், முகத்திலும் கீறல் போடும். டூல் முனைக்குப் பின்னால் காற்றுக் குழாயை வைத்து ஊதித் தள்ளுங்கள்.

கூலன்ட் தேவையா?

பெரும்பாலும் காற்று போதும். ஆழமான துளை போடும்போது மட்டும் தண்ணீர் வேண்டியிருக்கும்.

அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டிலும் எண்ணெய் கலந்த கூலன்ட்டைக் கிட்டவே விடாதீர்கள். வெட்டிய இடத்தில் இருக்கும் இறுக்கமும் எண்ணெயும் சேர்ந்தால் வெள்ளை மயிரிழை போல விரிசல் விடும், சிலநேரம் ஒரு வாரம் கழித்து. தின்னர் போட்டுத் துடைப்பதும் அதே கதைதான். சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். மருத்துவக் கருவிக்குப் போகிற பாகத்துக்கு எந்த மெட்டீரியலாக இருந்தாலும் காற்று அல்லது சுத்தமான தண்ணீர் மட்டும்.

சக்கில் எப்படிப் பிடிப்பது?

நெருக்கமான அளவு கெடுவதில் பாதி இங்கேதான் கெடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மெல்லிய ரிங்கை மூன்று ஜா (பிடிக்கும் பல்) உள்ள சக்கில் பிடித்தால் மூன்று இடத்தில் அமுங்கும். அமுங்கிய நிலையில் உள்ளே போரிங் செய்கிறீர்கள், அதாவது துளையைக் கடைகிறீர்கள். சக்கில் இருக்கும்வரை துளை வட்டமாகத்தான் இருக்கும். விட்டதும் ரிங் தன் வடிவத்துக்குத் திரும்பும், துளை மூன்று மூலை கொண்ட வட்டமாகிவிடும். இதில் மோசம் என்னவென்றால், இரண்டு புள்ளியில் அளக்கும் போர் கேஜையோ வெர்னியரையோ வைத்து எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் ஏறத்தாழ அதே அளவுதான் காட்டும். மூன்று மூலை வடிவத்தின் குணம் அது. அளவு சரி, ஆனால் ஷாஃப்ட் நுழையவில்லை என்று பையன்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது இதனால்தான். பிளக் கேஜ் விட்டுப் பாருங்கள், அல்லது மூன்று புள்ளி மைக்ரோமீட்டர் வையுங்கள், உடனே தெரிந்துவிடும்.

சுற்றிலும் சமமாகப் பிடிக்கும் காலட் என்கிற பிடிப்பான் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் அலுமினியத்தில் சாஃப்ட் ஜா செய்து, ஜாபின் விட்டத்துக்கே போரிங் செய்து, சுற்றளவில் முக்கால் பங்காவது தொடும்படி பிடியுங்கள். ஹைட்ராலிக் சக்கின் அழுத்தத்தை மெஷின் அனுமதிக்கும் அளவுக்குக் குறையுங்கள். முடிந்தால் உள்ளும் வெளியும் ஒரே பிடிப்பில் முடித்துக் கட் ஆஃப் செய்துவிடுங்கள். ராடு கனமாக இருக்கும்போதே எல்லா வேலையும் முடிந்துவிடும், நசுங்க வாய்ப்பே இல்லை. இரண்டாவது பிடிப்பு தவிர்க்க முடியாது என்றால், துளைக்குள் நுழையும் மாண்ட்ரல் கம்பியில் மாட்டி வெளியைக் கடையுங்கள்.

ராடே நகர்ந்து வெட்டுப்படும் ஸ்லைடிங் ஹெட் மெஷினில் சின்ன பின் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. கடையில் வரும் பிளாஸ்டிக் ராடு எப்போதும் சொன்ன விட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும், முழு வட்டமில்லாமலும், லேசாக வளைந்தும் இருக்கும். ராடைத் தாங்கும் கைடு புஷ்ஷுக்குள் அது ஒழுங்காக ஓடாது. சென்டர்லெஸ் கிரைண்டிங் செய்த, அதாவது சாணை பிடித்துச் சீரான வட்டமாக்கிய ராடு வாங்குங்கள்.

மைக்ரோமீட்டரில் அளந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு வருகிறதே?

மைக்ரோமீட்டரின் ராட்செட் (ஓர் அழுத்தத்துக்கு மேல் நழுவிவிடும் திருகு குமிழ்) 5 முதல் 10 நியூட்டன் வரை அழுத்தும். அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ எடையை வைத்த மாதிரி. ஒரு மில்லி சுவருள்ள டெஃப்லான் ரிங் அதைத் தாங்குமா? ராட்செட் இல்லாமல் கையால் திருகினால் இன்னும் மோசம்.

கனமான பாகத்துக்கு மைக்ரோமீட்டர் பரவாயில்லை, எல்லோரும் ராட்செட்டையே பயன்படுத்த வேண்டும். மெல்லிய பாகத்தை, நிழலைப் பெரிதாக்கிக் காட்டும் புரொஃபைல் புரொஜெக்டரிலோ கேமரா வைத்த மெஷினிலோ தொடாமல் அளக்க வேண்டும். துளைக்கு பின் கேஜ். அதன் சொந்த எடையில் இறங்க வேண்டுமா, தள்ளினால் இறங்க வேண்டுமா என்பதை வாடிக்கையாளரும் நீங்களும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்திருந்த பீஸை அளக்காதீர்கள். கைச்சூடு 20 மி.மீ. டெல்ரினில் மைக்ரோமீட்டரில் தெரியும் அளவுக்கு ஏறும்.

ட்ரில் போட்ட துளை ட்ரில்லைவிடச் சின்னதாக இருக்கிறது.

இருக்கும். சூட்டில் விரிந்திருந்த துளைச்சுவர் ட்ரில் வெளியே வந்ததும் உள்ளே திரும்பும். கொஞ்சம் பெரிய ட்ரில் எடுங்கள், அடிக்கடி வெளியே எடுத்துச் சுருளைத் தட்டுங்கள், நெருக்கமான துளை என்றால் போரிங் பாரில் முடியுங்கள். ரீமரும் இதே மாதிரி சின்னதாகத்தான் விடும். எம்3, எம்4 (3, 4 மி.மீ. ஸ்க்ரூ) மரைக்கும் ஒரு கிரேடு பெரிய டேப் போட்டால் ஸ்க்ரூ சிக்காமல் உள்ளே இறங்கும்.

பிசிறை எப்படி எடுப்பது?

பிசிறு வராமல் வெட்டுவதுதான் வழி. கூர்மையான டூல், துளை வெளியே வரும் இடத்தில் ஃபீடைக் குறைப்பது, ஓரத்துக்கு மெஷினிலேயே 0.1 மில்லி சேம்ஃபர் (சாய்வான சீவல்). மீதி வருவதைச் சர்ஜிக்கல் பிளேடில், பூதக்கண்ணாடிக்குக் கீழே கையால் எடுக்கிறோம். எங்கள் பட்டறையில் இதைச் செய்யும் இரண்டு அக்காக்களின் கைக்கு ஈடான மெஷினை நான் இன்னும் பார்க்கவில்லை. எமரி தாள் வேண்டாம். துகள் பிளாஸ்டிக்கில் பதிந்து ஷாஃப்டை அரிக்கும்.

புஷ்ஷை ஹவுசிங்கில் அடித்ததும் உள் விட்டம் குறைந்துவிட்டது. நீங்கள் தவறாகக் கடைந்தீர்களா?

இல்லை. பிளாஸ்டிக் புஷ்ஷை இறுக்கமாக அடித்தால், எவ்வளவு இறுக்கம் கொடுத்தீர்களோ ஏறத்தாழ அவ்வளவும் துளையில் குறையும். ஹவுசிங் அசையாது, புஷ்தான் உள்ளே ஒதுங்க வேண்டும். 0.1 இறுக்கம் என்றால் துளையில் 0.1 கூட்டிக் கடையச் சொல்லுங்கள். உள் விட்டம் ரொம்ப முக்கியம் என்றால் அடித்தபிறகு போரிங் செய்யுங்கள்.

மோல்டிங் போட்டால் மலிவு இல்லையா?

ஆயிரக்கணக்கில் வேண்டும், வடிவம் இனி மாறாது என்றால் மோல்டிங்தான். ஐம்பது, ஐந்நூறு என்றால் அச்சு செய்யும் காசுக்கே கடைந்து முடித்துவிடலாம். மோல்டிங்கிலும் சுருக்கம் உண்டு. 20 மைக்ரான் கேட்கும் துளையை மோல்டு செய்த பாகத்திலும் கடைசியில் கடைந்துதான் எடுக்கிறார்கள்.

பட்டறையில் என்ன ஆபத்து?

டெல்ரின் அதிகச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு விடும். கண் எரிந்தால் மெஷினை நிறுத்துங்கள். அது எரியும் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, சுருள் குவியலைச் சேர விடாதீர்கள். டெஃப்லான் தூள் கையில் ஒட்டி, அந்தக் கையால் சிகரெட் பிடித்தால் அந்த நெருப்பில் தூள் சிதைந்து புகையாகி உள்ளே போகும்; சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் மாதிரி வரும். பட்டறைக்குள் புகை பிடிப்பதையே நான் தடுத்துவிட்டேன். கண்ணாடி இழை கலந்த மெட்டீரியலுக்கு முகக்கவசமும் தூசி உறிஞ்சும் குழாயும் கட்டாயம்.

டிராயிங்கில் என்ன எழுதி அனுப்ப வேண்டும்?

மெட்டீரியலின் முழுப் பெயர், ஹோமோவா கோவா, கலப்பு உண்டா என்பது உட்பட. அளக்கும் வெப்பமும் ஈரமும். கடைந்து எத்தனை மணி நேரம் கழித்து அளப்பது. எதை வைத்து அளப்பது. அப்புறம், உண்மையிலேயே நெருக்கமாக வேண்டிய இரண்டு அளவுகள் எவை என்று வட்டம் போட்டுக் காட்டுங்கள். எல்லா அளவுக்கும் ±0.02 போட்ட டிராயிங்குக்கு நான் சொல்லும் விலையும், இரண்டுக்கு மட்டும் போட்ட டிராயிங்குக்குச் சொல்லும் விலையும் பாதிக்குப் பாதி வித்தியாசப்பட்டது உண்டு. இந்தப் பாகம் எங்கே உட்காருகிறது, எதைத் தொடுகிறது என்று ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது. அதைப் படித்துவிட்டு நானே போன் செய்து, இந்த அளவைத் தளர்த்தலாமா என்று கேட்பேன்.

புதிதாகப் பழகுபவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

25 மி.மீ. டெல்ரின் ராடு அரை அடி வாங்குங்கள். வெளி விட்டம் 20, உள் விட்டம் 16, நீளம் 10 என்று ஐந்து ரிங் கடையுங்கள். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதுங்கள். வெட்டி எடுத்ததும் அளந்து நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் அறை வெப்பத்தையும் எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு முறை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை. பின் அதையே நைலானில் செய்து, ஒரு ரிங்கை மட்டும் டம்ளர் தண்ணீரில் ஒரு வாரம் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். அந்த நோட்டோடு வருகிற பையனை நான் அன்றைக்கே மெஷினில் நிறுத்துவேன்.